ரவாங் குகைக் கல்

1932 நவம்பர் 4, வெள்ளி

விடியற்காலையிலிருந்து மழை. பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் முழங்கால் தண்ணீர். நனைந்துதான் ஆபீஸ்.

எங்கள் ஆபீஸ் துரை, ரவாங் பக்கத்துச் சுண்ணாம்புக் குகையிலிருந்து ஒரு கல் கொண்டுவந்திருக்கிறார். வௌவால் எரு வெட்டுகிறவர்கள் ஆழத்தில் எடுத்தது. முழ நீளம், நடுவில் தேய்ந்த குழி. கூடவே கைக்கு அடங்கும் உருண்டைக் கல். இரும்பு தெரியாத காலத்து மனிதர்கள் இதில் கிழங்கோ விதையோ அரைத்திருக்கவேண்டும் என்கிறார். ஈயச் சுரங்க வேலையைவிட இந்தக் கல் பைத்தியம்தான் அவருக்குப் பெரிது. குழியில் ஒட்டியிருக்கிற மண்ணில்தான் சாட்சி இருக்குமாம். கழுவாதே, துடைக்காதே. மூன்று தடவை சொன்னார்.

வீட்டுக்கு எடுத்துப்போய் வரைகிறேன் என்று நானேதான் கேட்டேன். சாக்கில் சுற்றி ரிக்‌ஷாவில். இந்தக் கல்லைப் பற்றி அவர் எழுதுகிற கட்டுரையில் படம் வரைந்தவர் என்று என் பெயரைப் போடுவாராம். லண்டனில் அச்சாகும்.

வாங்க: கறுப்பு மை, பிளேடு, செல்லத்துக்குத் தலைவலித் தைலம்.

நவ. 5, சனி

அரைநாள் ஆபீஸ். வீடு வந்தால் கொல்லையில் கல் பளிச்சென்று கிடக்கிறது. மஞ்சள் பூசிக் குங்குமம் வேறு. பக்கத்தில் செல்லம், முகமெல்லாம் சிரிப்பு.

"மூணு வருஷமா அம்மி கேட்டது இப்பதான் காதுல விழுந்துச்சா? எனக்குச் சொல்லாம வாங்கியாந்து மூலையில வச்சிருக்கீங்க."

தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, பச்சரிசியும் கல்லுப்பும் போட்டு அரைத்துப் பழக்கியிருக்கிறாள். புது அம்மி வந்தால் எல்லார் வீட்டிலும் செய்வதுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுத்த வீட்டு அம்மியில் மிளகாய் அரைக்கிறாள். "எங்க கல்லு தேஞ்சு போவுதுலா" என்று அந்தம்மா காதுபடச் சொல்கிறது எனக்கும் தெரியும்.

கத்தினேன். வாயில் வந்ததெல்லாம். அறிவிருக்கா என்றுகூட.

கல் யாருடையது என்று நேற்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவளுக்கு என்ன புரியப்போகிறது என்று விட்டேன். குங்குமத்தை அவளே முந்தானையால் துடைத்தாள். அப்புறம் பேச்சில்லை.

நவ. 6, ஞாயிறு

நல்ல வெயில். செல்லம் கோயிலுக்குப் போன நேரம் சாக்கை உதறினேன். குகை மண் இரண்டு பிடி தேறியது. தண்ணீர் தெளித்துப் பிசைந்து குழியில் அப்பிக் காயவைத்தேன். துரையிடம் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் இதையும் செய்தேன்.

படம் முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. அதுதான் கேவலம்.

நவ. 7, திங்கள்

துரை குழியைச் சுரண்டி, கண்ணாடித் தட்டில் வைத்து அயோடின் ஒரு சொட்டு விட்டார். கருநீலமாக மாறிற்று. மாவுப்பொருள் இருந்தால்தான் அப்படி மாறுமாம். "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சி என் தோளைத் தட்டினார். நெல் விதைக்கத் தெரியாத காலத்திலேயே இங்கே காட்டுக் கிழங்கை மாவாக்கித் தின்றிருக்கிறார்கள், இதோ சாட்சி என்றார்.

அது எங்கள் வீட்டுப் பச்சரிசி. சொல்ல வாயெடுத்தேன். தன் கல்யாணத்தன்றுகூட இத்தனை சந்தோஷப்படவில்லை என்றார். மூடிக்கொண்டேன்.

செல்லம் இன்றும் சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நவ. 9, புதன்

தூறல். கட்டுரையை நல்ல எழுத்தில் நகல் எடுக்கச் சொன்னார். என் கையெழுத்தின்மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. நான்காம் பக்கம்: கல், கிடைத்த நிலையிலேயே, கழுவப்படாமல் சோதிக்கப்பட்டது.

அந்த வரியில் பேனா நின்றது. மை தொட்டு எழுதினேன். கடைசிப் பக்கத்தில் என் பெயர். அதையும் நானே எழுதினேன்.

வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை. பெயர் அச்சில் வரவேண்டும் என்ற ஆசை. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

நவ. 10, வியாழன்

கப்பல் தபால் போய்விட்டது. கட்டுரை வைத்த உறை மேசையில் கிடந்தது பதினொரு மணிவரை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நவ. 12, சனி

மதிய ரயிலில் கிள்ளான். நல்ல கருங்கல் அம்மி ஒன்று வாங்கிவந்தேன். தோள்பட்டை விண்ணென்கிறது. செல்லம் சிரிக்கவில்லை. வாங்கி வைத்தாள், கழுவினாள், பச்சரிசி போட்டு அரைத்தாள். வழித்ததைக் கோழிகளுக்கு வீசினாள்.

ஏன் வீசுகிறாய் என்று கேட்டேன். எட்டு நாளில் நான் கேட்ட முதல் கேள்வி.

"மொத அரைப்புல கல்லுக்குள்ள இருக்கறதெல்லாம் வெளிய வந்துரும்ங்க. அதத் திங்கக்கூடாது."

"அந்தக் கல்லுலயும் வந்துச்சா?"

"வராம? அத்தனை தேய்ச்சுக் கழுவியும் கறுப்புக் கறுப்பா, பொடி நாரு மாதிரி வந்துச்சு. யாரோ ரொம்ப காலம் எதையோ அரைச்ச கல்லுன்னு அப்பவே தெரிஞ்சுச்சு. உங்ககிட்ட காட்டணும்னு இலையில எடுத்து வச்சிருந்தேன். நீங்க கத்துனீங்க."

"அந்த இலை?"

கோழிகளைக் காட்டினாள்.