அப்பாவின் இறக்கைக்குத் தைத்த துணி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே என் பொழுது விடிகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவும் நன்றாக இருக்கிறார் என்று மூன்று வாரமாகப் போனில் சொன்னது பொய். இடது தோள்பட்டை எலும்பு உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது. பதறாதே, முழுதும் படி. "அவகிட்ட சொன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்" என்று என் வாயை அடைத்துவிட்டார், போனில் பேசினால் பக்கத்திலேயே வந்து நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

பஸ் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து பின்கட்டு ஷெட்டில் அவர் ஒற்றை ஆள் விமானம் கட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரிந்ததுதான். அலுமினியக் குழாயையும் பழைய மோட்டார் சைக்கிள் என்ஜினையும் பார்த்து நாம் எவ்வளவு சிரித்தோம். வீட்டுக்குள் உட்கார்ந்து என் உயிரை வாங்காமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. இறக்கைக்குத் துணி தைத்துக் கொடுத்தது நான்தான். சீருடை தைக்கக் கொடுத்தவர்களையெல்லாம் காக்க வைத்துவிட்டுப் பதினோரு நாள் தைத்தேன். இது எங்கே பறக்கப்போகிறது என்று முதல் நாள் ஏனோதானோவென்று தையல் ஓட்டினேன், மறுநாள் மனசு கேட்கவில்லை, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு ஒவ்வொரு மடிப்பையும் மூன்று தையலாக அடித்தேன். தைத்தது தப்பா, நன்றாகத் தைத்தது தப்பா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை வண்டியில் ஏற்றி ஆற்றோரத் திடலுக்குக் கொண்டுபோனார். "சும்மா ஓட்டித்தான் பாக்கப்போறேன், தரையைவிட்டுக் கிளப்ப மாட்டேன்" என்று சத்தியம் செய்ததால் நானும் ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு கூடவே போனேன். இரண்டு தரம் தரையில் ஓடியது. மூன்றாவது தரம் சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவுதான், மாடி உயரத்துக்குப் போய்விட்டார். கத்தினேன், என்ஜின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத நிலைமை யாருக்கும் வரக்கூடாதடி. மூன்று சுற்றுச் சுற்றினார், ஒவ்வொரு சுற்றிலும் என்னைப் பார்த்துக் கையசைத்தார், நான் அவரைப் பார்க்கவேயில்லை, தையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது முன்சக்கரம் பள்ளத்தில் மாட்டிக் கவிழ்ந்துவிட்டது. விழுந்தடித்து ஓடினால் முகமெல்லாம் ரத்தம், வாயெல்லாம் சிரிப்பு. "ஒரு தையல்கூட விடல, பாத்தியா" என்றார்.

எலும்பு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வயசுல இன்னொரு தடவை விழுந்தா நான் பொறுப்பில்லைம்மா, நீங்கதான் கட்டுப்படுத்தணும்" என்றார். நான் எங்கே போய்க் கட்டுப்படுத்த? ஷெட்டைப் பூட்டிச் சாவியை மாவு டப்பாவில் ஒளித்தேன். ஒற்றைக் கையாலேயே கதவின் கீலைக் கழற்றிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் நட்டு போல்ட்டோடு குடும்பம் நடத்திய மனுஷரிடம் பூட்டு எம்மாத்திரம். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், நான் பேசவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அழுதேன். அப்போதுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மேல இருந்து பாத்தப்போ நீ தனியா, சின்னப் புள்ளியா தெரிஞ்ச. எனக்கு அது பிடிக்கல" என்றார். மனம் மாறிவிட்டார் என்று அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

நேற்றுக் காலை பேச்சுவாக்கில் என் எடை என்ன என்று கேட்டார். ஐம்பத்தெட்டு என்றேன். பிறகு ஷெட்டைப் பெருக்கப் போனால் மேஜைமேல் புதிதாக ஒரு படம், அதில் இரண்டு இருக்கை. பின்னிருக்கையில் ஐம்பத்தெட்டு என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார். பின்னாலேயே வந்து நின்றார். வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், "இறக்கை இன்னும் அகலமாகுது, பழைய துணி பத்தாது" என்றார். எத்தனை மீட்டர் என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கீழே நிற்கவும் என்னால் ஆகாது, மேலே போகவும் ஆகாது.

லீவு கிடைத்தால் ஒரு வாரம் வந்துவிட்டுப் போ. நேரில் வந்தால் நீயாகக் கண்டுபிடித்ததாக இருக்கட்டும், அதுவரை போனில் கை எப்படி இருக்கிறது என்று வாய் தவறியும் கேட்டுவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக, குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா