எனக்கு இன்று அமாவாசை

ஜூன் 12, வியாழன்

காலையில் இடது கண் இமை சொன்ன பேச்சைக் கேட்டது. பதினொரு மணிக்கு மேல் கடை ஷட்டரைப் போல இறங்க ஆரம்பித்தது. டாக்டர் எழுதி வைக்கச் சொன்னது இதை மட்டும்தான் — இமை எப்போது இறங்குகிறது, எப்போது ஏறுகிறது. நான் ஊர்க்கதையெல்லாம் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பட்டுச்சேலை ஒன்றுக்கு முந்தானைக் குச்சு கட்டினேன். முடிச்செல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. எது நிஜ முடிச்சு என்று தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றாகிவிடும். அப்படி மூடிக்கொண்டு கட்டியதை மாமியார் பார்த்துவிட்டார்.

"யாரப் பாத்து கண்ணடிச்சிக்கினு இருக்குற?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கன்னம் மேலே ஏறவில்லை, உதடு மட்டும் கோணியது. நான் முறைத்ததாக நினைத்துக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

மயஸ்தீனியா. வந்து இரண்டு வருஷமாகியும் இந்த வீட்டில் ஒருத்தர் வாயிலும் நுழையாத பெயர். மாமியார் 'மஸ்தானா சீக்கு' என்கிறார். தசையெல்லாம் சீக்கிரம் சோர்ந்துபோகும், படுத்து எழுந்தால் தெம்பு திரும்பும், மறுபடியும் போகும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதற்கும் சோம்பேறித்தனத்துக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? சில நாள் எனக்கே தெரிவதில்லை.

ஜூன் 14, சனி

மாடியில் குடியிருக்கும் கிரேஸ் தையல் கடைக்கு லீவு போட்டிருந்தாள். அவளுடைய கேரம் போர்டை இறக்கிப் பவுடர் போட்டோம்.

"சிவப்பு ரெண்டு தெரியுது கிரேஸ். எத அடிக்கிறது?"

"நடுவுல அடிக்கா. எதுனா ஒண்ணு விழும்."

ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தாள். இமைமேல் வைத்தால் கொஞ்ச நேரத்துக்குத் தூக்கிக்கொள்ளும். டாக்டரே செய்து காட்டிய வித்தை அது. இரண்டு சிவப்பும் மெல்ல நகர்ந்து ஒன்றாயின. அடித்தேன், விழுந்தது. அடுத்த காயையும் தள்ளி ஃபாலோவும் போட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தெருப் பையன்களை மைனஸில் வீட்டுக்கு அனுப்பினவள் நான். விரல் அதை மறக்கவில்லை.

ராத்திரிச் சமையலுக்குக் கை எழவில்லை. மாமியார் வாயைத் திறக்கவில்லை, பாத்திரங்கள்தான் பேசின. 'கேரம் ஆடத் தெம்பு இருந்துச்சே' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? இருந்தது. ஆடித் தீர்த்துவிட்டேன். எனக்கென்று இருப்பது அது ஒன்றுதானே. அதைக்கூட ஆடக்கூடாதா?

ஜூன் 25, புதன்

அமாவாசை. பின்சந்தில் கமலவேணி அக்கா வீட்டுத் தறிகள் ஓடவில்லை. அமாவாசை என்றால் இங்கே தறிகளுக்கு விடுமுறை. நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் இல்லாததால் தெருவே காது அடைத்த மாதிரி இருந்தது.

எனக்கும் மோசமான நாள். கழுத்து தலையைத் தாங்கவில்லை. பேச்சு மூக்கால் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த கீர்த்தி பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"இன்னாம்மா, படுத்துக்கினே இருக்குற?"

"எனக்கு இன்னிக்கு அமாவாசைடி. அம்மா தறி ஓடாது."

சட்டென்று புரிந்துகொண்டாள். டாக்டர் படம் வரைந்து சொன்னபோது புரியாதது. அமாவாசையன்று சும்மா நிற்கிற தறியை யாரும் சோம்பேறி என்று திட்டுவதில்லையே. எனக்கும் அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று.

ஜூலை 3, வியாழன்

இன்றும் அமாவாசை. காலண்டரில் இல்லை, எனக்கு.

ஜூலை 8, செவ்வாய்

சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு வந்தார். ஏன் வந்தது இந்த நோய் என்று டாக்டரிடம் மறுபடியும் கேட்டேன்.

"உங்க உடம்பே உங்கள எதிரின்னு நெனச்சு அடிக்குதும்மா."

"ஏன் சார்?"

"அது யாருக்கும் சரியா தெரியாது."

பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வாலாஜாபாத் தாண்டியதும் சொன்னார்: "காயில் எரிஞ்சா வாசனை வரும், கண்டுபுடிச்சிடலாம். இது இன்னான்னே தெரியலயே சுகா."

எனக்கு மட்டும் தெரிகிறதா?

ஜூலை 13, ஞாயிறு

நான் தூங்கிக்கொண்டிருந்தபோது கீர்த்தி மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள்: "அம்மாவ எழுப்பாத ஆயா. அமாவாசை வந்தா அதுக்குக் கண்ணு சொக்கிடும், கழுத்து நிக்காது, மூக்கால பேசும்."

குழந்தை நல்லதுக்குத்தான் சொன்னாள். எங்கள் நெசவுத் தெருவில் அமாவாசை என்றால் லீவு. மாமியார் முசரவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே தறி இல்லை. அங்கே ஒரு பெண்ணுக்கு அமாவாசைக்கு அமாவாசை கண் சொக்கி, குரல் மாறி, தலை சாய்ந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

நான் எழுந்து வந்தபோது வாசலில் எலுமிச்சம்பழம் தொங்கியது. விஷயம் தெரிந்து விளக்கினேன். "தறிக்கு லீவு மாதிரி அத்த. வெளையாட்டுக்குச் சொன்னது." அந்த நேரம் பார்த்து என் குரல் மூக்கால் வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"நீ சொல்லலம்மா. அது சொல்லுது."

ஜூலை 20, ஞாயிறு

ஆடி அமாவாசைக்கு முசரவாக்கத்தைத் தாண்டி ஒரு பூசாரியிடம் போகவேண்டுமாம். போகிறவர்கள் மூன்று நாள் முன்னதாக இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட வேண்டுமாம்.

மாத்திரையை நிறுத்தினால் மூச்சே நிற்கலாம் என்று டாக்டர் சொன்னதை இவரும் கேட்டவர்தான். இவர் சொல்வார், 'முடியாது' என்று சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தபா போய்ட்டு வந்துடு சுகா. அம்மா மனசு ஆறும். மூணு நாள்தானே."

மூணு நாள்தானேவாம். என் மூச்சு, உங்களுக்கு மூணு நாளா?

எழுதி அடித்துவிட்டேன். மறுபடி எழுதுகிறேன். கோபம்தான். ஆனால் ஒரு ஓரத்தில் வேறொன்றும் அரித்துக்கொண்டிருக்கிறது. உடம்பே உடம்பை அடிக்கிறது, காரணம் தெரியாது என்கிறார் டாக்டர். உள்ளே ஒன்று புகுந்து அடிக்கிறது என்கிறார் மாமியார். இரண்டுக்கும் நடுவில் எத்தனை தூரம்? பூசாரியிடமாவது அதை ஓட்ட ஒரு வழி இருக்கிறது. எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

மாத்திரை டப்பாவை மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு அட்டையை முன்னதாகவே கிரேஸிடம் கொடுத்து வைத்திருந்தேன். துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறேன்.

"நாங்க ஜெபம் பண்ணுவோம். ஆனா மாத்திரையும் போடுவோம்" என்றாள் கிரேஸ். "ரெண்டு ஆண்டவரும் கோச்சிக்க மாட்டாங்க."

ஜூலை 24, வியாழன்

போய் வந்தோம். வேப்பமரத்தடி, உடுக்கைச் சத்தம், கற்பூரப் புகை. எனக்கு முன்னால் ஒரு பெண் தலையை விரித்துப்போட்டு ஆடிக்கொண்டிருந்தாள். நான் காலையில் மாத்திரை போட்டிருந்தேன். நேராக உட்கார்ந்திருந்தேன், இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. பூசாரி வயசானவர். உடுக்கையை நிறுத்திவிட்டு என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். என்மேலும் ஏதாவது வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வந்தாலும் தேவலை என்றும் இருந்தது.

"இந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்லையேம்மா. எதுக்கு இட்டுக்கினு வந்த?"

மாமியார் முகம் சுருங்கியது. திரும்பி வரும் ஆட்டோவில் தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார்: "ஒண்ணுமில்லியாம்."

நல்ல மனுஷன், உண்மையைத்தான் சொன்னார். பிறகு ஏன் எனக்கு நிம்மதியாக இல்லை?

ஜூலை 27, ஞாயிறு

ஏன் என்று இன்றைக்குத் தெரிந்தது.

"பூசாரியே சொல்லிட்டாரு ஒண்ணுமில்லன்னு. இன்னும் இன்னாத்துக்குப் படுக்க?"

மாத்திரை டப்பா பீரோவிலிருந்து வந்துவிட்டது. எடுத்துக் கொடுத்த விதம், குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிற விதம். பேய் இல்லை என்று சொன்ன ஒரு சொல், நோயையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. இவரும் "மனச தெகிரியமா வெச்சிக்கோ சுகா" என்கிறார். அப்படியென்றால் என்ன? இது மனசுதான் என்று அர்த்தமா?

திருட்டுத்தனமாக மாத்திரை போட்டுக்கொண்டுதான் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லலாம். சொன்னால் சாமியை ஏமாற்றியவள். சொல்லாவிட்டால் ஒண்ணுமில்லாதவள். பேயாவது இருந்திருக்கலாம். அதற்காவது மரியாதை உண்டு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அம்மனுக்குக் கூழ் காய்ச்சினோம். அண்டாவைக் கிளறக் கிளற என் தோள் என்னுடையதாகவே இல்லை. உட்கார்ந்தேன். "அதுக்குள்ளவா?" என்றார் மாமியார்.

அதுக்குள்ளதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு, மத்தியானம்

காலை மாத்திரை போடவில்லை. மத்தியான மாத்திரையும் போடப் போவதில்லை. கிரேஸுக்கும் சொல்லவில்லை.

ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும். இவர் பார்க்கட்டும். கேரம் ஆடலாமா என்று கூப்பிட்டிருக்கிறேன், போர்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான் செய்வது புத்திசாலித்தனமா, பைத்தியக்காரத்தனமா? தெரியல. நெஜமாவே தெரியல. கையெழுத்து கோணுகிறது. அதுவும் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 16, சனி

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.

அன்றைக்கு முதல் ஆட்டத்தில் இவர் சிரித்தார், நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்து. ஸ்ட்ரைக்கர் நடுக்கோட்டைக்கூடத் தாண்டவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் சிரிப்பை நிறுத்தினார். சாப்பிட உட்கார்ந்தபோது ரசம் சாதம் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்தேன், அது மூக்கு வழியாக வந்தது. இருமக்கூடத் தெம்பில்லை. தலை தட்டுப் பக்கம் சாய்ந்தது. மாமியார்தான் முதலில் எழுந்து வந்தார். என் மூக்கையும் வாயையும் தன் முந்தானையால் துடைத்து, தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, "ஆட்டோவக் கூப்புடுடா" என்று இவரை அதட்டினார். பேயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு முகத்தில் மாட்டிய மாஸ்க் ஞாபகம் இருக்கிறது. கீர்த்தி அழுதது ஞாபகம் இருக்கிறது. அவளை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

வார்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூசாரியிடம் போகும்போது போட்டதையும், அன்றைக்குப் போடாததையும்.

"நாங்க நம்பணும்னா நீ மூச்சுத் திணறிக் காட்டணுமா?"

"வேற எப்பிடி நம்புவீங்க?"

இவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. நானும் சமாதானம் சொல்லவில்லை. ஜெயித்த மாதிரியும் இல்லை, தோற்ற மாதிரியும் இல்லை. உயிரை வைத்து ஆடினேன். இனி ஆடமாட்டேன். அது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தூக்கம். மாத்திரை. தூக்கம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாமியாரின் தங்கை பொன்னி ஊரிலிருந்து வந்திருந்தார். புது மாத்திரையில் என் முகம் பூசணிக்காய் மாதிரி ஆகியிருக்கிறது. காபி கலக்க நான் சமையலறைக்குள் நுழைந்ததும் கூடத்தில் பேச்சு ஆரம்பித்தது. காதில் விழட்டும் என்றே பேசினார்.

"இன்னாக்கா, ஆஸ்பத்திரியில கெடந்துதுன்னு சொன்ன? மருமவ நல்லா கொழுகொழுன்னு இல்ல இருக்குது."

பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், இரண்டு வருஷமாகக் கேட்கிறேன்.

"அது கொழுப்பு இல்லடி. மாத்திர வீக்கம்" என்றது மாமியாரின் குரல். "காலைல வந்து பாத்துட்டுப் பேசாத. சாயங்காலம் வரிக்கும் இருந்து பாரு. கையத் தூக்கி சீப்பு புடிக்க முடியாது அதால. நான்தான் தல வாரி வுடுறேன்."

பொன்னி அப்புறம் மழையைப் பற்றிப் பேசினார்.

காபியில் சர்க்கரை போட்டேனா, இரண்டு தடவை போட்டேனா, போடவே இல்லையா என்று தெரியவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமியார் ஒரு வாய் குடித்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு முழுக்கக் குடித்தார்.