துவைக்காத கோட்டு

என் வீட்டுக்காரிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பிரசவத்துக்கு அப்புறம் வந்த இடுப்பு வலி தேவலையா? பையன் பால் கக்குவது நின்றதா?

இங்கே ஒரு வேடிக்கை. பண்ணை மாடுகளுக்குக் குடலில் கிருமி புகுந்து தீராத கழிச்சல். சாணம் வழியாகக் கன்றுக்கும் வந்துவிடும். அதனால் கன்று விழுந்ததுமே, தாய் நக்குவதற்குள் நான் ஈரத்தோடு பண்ணைக் கோட்டின் மார்பில் அணைத்துத் தூக்கிப்போய்த் தனியே கட்டிவிடுவேன். பிறகு தடுப்பூசி போடுவோம். நெற்றிச்சுட்டி என்று நான் கூப்பிடும் பசுவின் கன்றையும் முந்தாநாள் அப்படித்தான் தூக்கினேன். நேற்று அவளுடைய இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நோய் இருக்கிறதாம். அடிமாட்டு லாரி வந்தது. நாலு பேர் இழுத்தும் அவள் ஏறவில்லை.

முதலாளி கேட்டார்: "கன்னு தூக்கின கோட்டைத் துவைச்சிட்டியா?"

"இல்லைங்க."

"அதை மாட்டிக்கிட்டு நீ முன்னால ஏறு."

ஏறினேன். கயிறே இல்லாமல் பின்னாலேயே ஏறி வந்து என் மார்பை நக்கினாள். முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இனிமே மாடு ஏத்துறது உன் வேலை. கோட்டைத் துவைக்கவே துவைக்காதே" என்றார்.

வேறு விசேஷம் இல்லை. இங்கே வருகிறவரிடம் இரண்டு பனியன் கொடுத்தனுப்பு. கூடவே, நான் இன்னும் பார்க்காத நம் பையனின் சட்டை ஒன்று.

லாரிச் சத்தம் கேட்கிறது, கோட்டை மாட்ட வேண்டும். அந்தச் சட்டையைத் துவைக்கவே துவைக்காதே.

உன் வீட்டுக்காரன்