உன் அம்மா சிரிக்காத நாட்கள்

மட்டாஞ்சேரி
20-11-1964

அன்பு மகள் சஃபியாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் புதிதாக வந்திருக்கும் நம் பேரனும் நலமாயிருக்க அல்லாஹ்விடம் துஆ கேட்கிறோம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

அம்மாவுக்குப் பல்வலி என்று போன கடிதங்களில் எழுதியிருந்தேனே, அது பல்வலி இல்லை. கன்னத்தின் உள்பக்கம் வந்த புண்ணைப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குப் பிள்ளைப்பேறு முடியட்டும் என்று நாங்கள் இருவரும் பேசித்தான் மறைத்தோம். கோபப்படு மகளே, ஆனால் பயந்துவிடாதே. தினமும் படகேறி எறணாகுளத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதிர்ச் சிகிச்சை எடுத்து வருகிறோம், கரண்ட் வைப்பது என்பார்கள். வைக்கும்போது ஒன்றும் தெரியாதாம், நாளாக ஆகத்தான் வாய் வெந்து எச்சில் வற்றி, ஆறிய கஞ்சிகூட நெருப்பாக இறங்குகிறது. நாக்கில் ருசி அடியோடு போய்விட்டது. சமையல் இப்போது நான்தான். முதல்நாள் என் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்க கையால சாப்பிடணும்னு எழுதின அல்லாஹ், முன்னாடியே என் ருசிய எடுத்துட்டான் பாருங்க, எவ்வளவு இரக்கம்" என்றாள். காதோரம் முடி கொட்டியபோது, இனிமேல் பேன் பார்க்கப் பாதி நேரம் போதும் என்றாள். உன் அம்மாவை உனக்குத் தெரியாதா. எனக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கரண்ட் எங்கே பட வேண்டும் என்று கன்னத்தில் ஊதா மையால் கோடு போட்டிருக்கிறார்கள், கழுவக்கூடாது. ஒருநாள் படகில் பக்கத்தில் இருந்த பெண் இது என்ன என்று கேட்க, "மிளகு மூட்டைக்கு மார்க்கா போடுவாங்கல்ல, அதுதான். எந்தக் கப்பல்ல ஏத்துறதுன்னு இன்னும் சொல்லல்ல" என்றாள். படகே சிரித்தது. எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை, "சாகக் கிடக்கிற நேரத்துல என்னடி சிரிப்பு" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். அந்த வார்த்தையை அதுவரை டாக்டர் சொல்லவில்லை, வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. நான் சொன்னேன். அவள் முக்காட்டை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள். அவளை வீட்டு வாசலில் விட்டுவிட்டு நேரே நம் குடைக்கடைக்குப் போய், கடை சாத்தும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு அவள் பேசுவது குறைந்தது, கஞ்சியும் குறைந்தது. அவளோடு கரண்ட் வைத்துக்கொள்ள வரும் பாக்கியலக்ஷ்மி அம்மாள் என்று ஒருவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கூப்பிட்டு, "ராவுத்தரே, உங்க ஷரீஃபா ஏதாவது சொல்லுவா, நான் சிரிச்சுண்டே அந்த ரூமுக்குள்ள போயிடுவேன். அவ வாயை மூடிண்டதுலேர்ந்து எனக்குக் கால் வரமாட்டேங்கறது. நேத்திக்கு வாசல்வரை போய்த் திரும்பி வந்துட்டேன்" என்றார்.

திரும்பும்போது படகில் நானே ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தேன். நம் கடையில் ஒரு சேட்டன் குடை வாங்கிக்கொண்டு போனார், கொஞ்ச நேரத்தில் மழையில் நனைந்துகொண்டே திரும்பி வந்தார் என்பதுவரை சொன்னேன். ஏன் வந்தார் என்பது மறந்துவிட்டது. படகில் எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். உன் அம்மா மெதுவாக, ஏன் வந்தாராம் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவ்வளவுதான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "வலிக்குது மனுசா, பேசாம இரிங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் அந்த வலிக்கும் நான்தான் காரணம்.

படகுத்துறையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது மன்னித்துவிடு என்றேன். "நீங்க சொன்ன வார்த்தைக்கு எனக்குக் கோவமில்ல. அது எனக்கும் தெரிஞ்சதுதானே. சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டீங்கல்ல, அன்னிக்கு முழுக்க நான் அதோட தனியா இருந்தேன்" என்றாள். அன்று கடை திறக்கவில்லை. இப்போதெல்லாம் அவளைப் படுக்கவைத்து, அவள் தூங்கிய பிறகுதான் கடைக்குப் போகிறேன்.

நோன்புக்கு முன் கரண்ட் முடியும், பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்கிறார் டாக்டர். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கைக்குழந்தையோடு இப்போது கப்பல் ஏற வேண்டாம். பச்சை உடம்பு, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே, பிள்ளையின் கழுத்தைத் தாங்கித் தூக்கு. பிள்ளையின் மூக்கு யாருடையது என்று அம்மா கேட்கச் சொன்னாள். என்னுடையது என்றால் அதை மட்டும் மறைத்துவிடச் சொல்கிறாள்.

உங்கள் மூவருக்கும் எங்கள் துஆவும் ஸலாமும் எப்போதும் உண்டு. பதில் உடனே போடு. ஒன்று மட்டும் மறக்காதே மகளே, அழுதுகொண்டு எழுதாதே. அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டியவன் நான், என்னால் முடியாது.

உன் அத்தா
நஜ்முதீன் ராவுத்தர்