வாப்பா சொன்ன ரோஸ்

அன்பு மகளுக்கு, ஸலாம்.

வாப்பா இன்னும் கண்டி ஆஸ்பத்திரியில்தான். புரோஸ்டேட் புற்றுநோயால் சிறுநீரில் இரத்தம் கட்டிகட்டியாக வந்து அடைத்துவிட்டது. டியூப் போட்டு, சேலைன் விட்டு இராப்பகலாகக் கழுவுகிறார்கள். பையில் வடிகிற சிவப்பு வெளுத்தால் இரத்தம் குறைகிறது என்று அர்த்தமாம்.

வத்தேகமயில் புடவைக்கடையிலேயே ஆயுசைக் கழித்த மனுஷன் சும்மா இருப்பாரா? வலியில் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே பையைப் பார்த்து, "மெரூன், மிஸ்! கலியாணச் சாரிக்கு எடுப்பாங்க" என்றார். நேர்ஸ் பிள்ளை சிரித்துவிட்டது. இப்போது டொக்டரும் வந்ததும் அவரிடம்தான் கலர் கேட்கிறார். இப்படியொரு ஆளோடுதான் இவ்வளவு காலம் வாழ்ந்தேனா என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

ரேடியேஷன் தொடங்கிவிட்டார்கள். அது இரத்தம் நிற்க மட்டும்தானாம், நோயைச் சுகமாக்க இல்லையாம்.

முந்தாநாள் பை மெரூனாக இருக்கும்போதே, "ரோஸ் என்று மகளுக்கு எழுது" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, எழுதவில்லை. இன்றைக்கு நிஜமாகவே ரோஸ். அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டாரில் லீவு கேள், மகள். ரோஸாக இருக்கும்போதே வந்து பார்த்துவிடு.

துஆவுடன்,
உன் உம்மா