செப்பில் விழுந்த அச்சு

அன்புள்ள நண்பா,

உன் நாணயத்தைத் திருப்பி அனுப்புகிறேன். "யாரோ செப்பு முலாம் பூசியிருக்காங்கடா, செல்லாது" என்று அன்று சொன்னேன். "நீ சொன்னா சரிதான்" என்று சிரித்து, அதை என்னிடமே விட்டுப் போனாய்.

முலாம் பூசினால் எடை குறையாது. இதன் எடையோ குறைவு, சின்னச் செப்புக் காசின் எடைதான் இருந்தது. நாணயச் சாலையில் பெரிய நாணயத்தின் அச்சு, தவறிப்போய் அந்தச் சின்னக் காசுக்கான செப்புத் தகட்டில் விழுந்திருக்கிறது. தேய்மானமே இல்லை. முதல் தரம். இப்படிப் பிழையாக அடித்த காசுக்குச் சேகரிப்பவர்களிடம் பெரிய விலை.

இது எனக்கு அன்றே தெரியும்.

இப்படி ஒன்றுக்காக இருபது வருடமாகச் சில்லறையை மூட்டை மூட்டையாகக் கொட்டித் தேடியவன் நான். உனக்கோ பஸ் சில்லறையில் வந்தது. வயிறு எரிந்தது.

நானே நிரப்பிய சான்றிதழை இணைத்திருக்கிறேன். 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் முதலில் என் பெயரை எழுதிவிட்டேன். அதை அடித்து உன் பெயரை எழுதியிருக்கிறேன். வேறு வெற்றுப் படிவம் இருந்தும், அடித்தது உனக்குத் தெரியும்படி இதையே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் பள்ளித் தோழன்