மை போடாத முகம்

மகளுக்கு வரைதல் கொப்பி வாங்க இங்கே சிட்னியில் பென்டில் ஹில்லில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் யாரோ கறுப்பு மைப் போத்தலைத் திறந்து பார்த்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கொப்பியை வைத்துவிட்டு வெளியே வந்து காரில் இருந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது. உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இனி என்ன. ஆனாலும் எழுதுகிறேன்.

வியட்நாமிலிருந்து படகில் தப்பி, கலிபோர்னியாவில் வளர்ந்து, கணவரின் வேலையோடு சிட்னிக்கு வந்தவர் நீங்கள். உங்கள் முதல் சித்திர நாவலில், அந்தப் படகில் உங்கள் அம்மா அழுவதை வரைந்திருந்தீர்கள். ஊரே புகழ்ந்தது. அம்மா மட்டும் "என்னைக் கேட்டாயா?" என்று கேட்டுவிட்டு, நெடுநாள் உங்களோடு கதைக்கவில்லை. அதன் பிறகு உங்களுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. முகங்களைப் பென்சிலால் மட்டும் வரைவீர்கள். அந்த ஆள் பார்த்துச் சம்மதித்தால்தான் மை.

இரண்டாவது புத்தகம், அகதிகளை அடைத்து வைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தவர்களைப் பற்றியது. என் தம்பியும் அவர்களில் ஒருவன். சந்திக்கும் அறைக்குள் பென்சில் கொண்டுபோக விடவில்லை. நீங்கள் அவனையே பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். வெளியே வந்ததும் என் காரில் ஏறி, கதைக்காதே என்று கையைக் காட்டிவிட்டு, மறக்கும் முன் வரைவீர்கள். பிறகு கேள்விகள் தொடங்கும். கோப்பையை எப்படிப் பிடிப்பான்? யோசிக்கும்போது தலை எந்தப் பக்கம் சாயும்? நான் தம்பியாக நடித்துக் காட்டுவேன். நடிப்புக்குச் சம்பளம் கேட்பேன், நூடில்ஸ் வாங்கித் தருவீர்கள்.

அவனுடைய அகதி மனு நிராகரிக்கப்பட்டதோடு அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. மேன்முறையீடும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவன் முகம் வெளியே தெரிந்தால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள், அது உதவலாம் என்றார் சட்டத்தரணி. பதிப்பாளரும் பக்கங்களைக் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் பென்சில் முகங்களின் பிரதியை அவனுக்குத் தபாலில் அனுப்பினீர்கள். அடுத்த முறை போனபோது அவன் உங்கள் கண்ணைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்.

"அக்கா, நல்லாத்தான் கீறியிருக்கிறா. ஆனா போட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அம்மா யாழ்ப்பாணத்தில தனிய இருக்கிறா. என்ர முகத்தைக் கண்டா புலனாய்வுக்காரங்கள் வீட்டுக்கு வருவாங்கள்."

மொழிபெயர்த்துச் சொன்னேன். கார் தரிப்பிடத்துக்கு வந்ததும் உங்களோடு சண்டை பிடித்தேன். அவன் பயத்தில் உளறுகிறான், பிளேனில் ஏற்றிவிட்டால் யார் பொறுப்பு, அவனுடைய அக்கா நான் சம்மதிக்கிறேன், மையைப் போடுங்கள் என்றேன்.

"உன் சம்மதம் எனக்கு வேண்டாம். முகம் அவனுடையது," என்றீர்கள்.

உங்கள் தம்பியா உள்ளே இருக்கிறான் என்று கேட்டேன். நீங்கள் கப்ரமற்றாவில் உங்கள் வீட்டுக்குப் போய் அவன் வரும் பக்கங்கள் எல்லாவற்றையும் அழித்து, அவனைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் திரும்ப வரைந்தீர்கள். முதுகும் கழுத்தும் கைகளும் மட்டும். மேன்முறையீட்டின் முடிவு வரும்வரை நான் உங்கள் அழைப்பை எடுக்கவில்லை. முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் கடைசிவரை எடுத்திருக்க மாட்டேன்.

தம்பி வெளியே வந்தான். புத்தகமும் வந்தது. பிறகு உங்களுக்கு நோய் வந்தது.

போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அழைத்தார். இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்களாம். போனில் உங்கள் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் காட்டி, இது உங்கள் மகன்தானே, வெளிநாட்டில் என்ன சொல்லித் திரிகிறான் என்று கேட்டார்களாம். அம்மா கண்ணாடியைப் போட்டு ஆற அமரப் பார்த்தாராம். முகம் தெரியேல்லையே தம்பிமார், ஆரெண்டு சொல்லுறது என்றாராம். வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

உண்மையாகவே அடையாளம் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரியாமலோ? கண்ட உடனே பிடிச்சிட்டன். நான் எண்ணெய் வைச்சு முழுக வார்த்த கழுத்தெல்லோ. அந்தப் பிள்ளை வடிவாப் பாத்திருக்குது. நான் கும்பிட்டதெண்டு சொல்லிவிடு."

ஓம் என்றேன். நீங்கள் இல்லை என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.